மஞ்சக் கோட்டுக்கு இந்தப் பக்கம்

உக்காருங்க, உக்காருங்க. நான் சன்னலோரம் நகந்துக்கறேன். எங்க போறீங்க? புளியம்பட்டிங்களா? சொந்த ஊரே அதுதானா? நல்லதுங்க. நான் அதுக்கு முன்னாடியே எறங்கிருவேன். அன்னூர் தாண்டுனதும் ஒரு காலேஜ் வருது பாருங்க, மில்லுக் குடோனாட்டம் பெரிய பெரிய செட்டு போட்டு, முன்னால ஒரு வேப்பமரம்... ஆமா, அதேதான். பேரைச் சொல்லாதீங்க. பேரைக் கேட்டாலே எனக்கு எரியுது.

அங்க முன்னால பாருங்க. டிரைவருக்குப் பின்னாடி சீட்டு. பச்சைத் துப்பட்டா. தலையைக்கூடத் திருப்பாம உக்காந்திருக்குதுல்ல, அதான் என்ற புள்ள. கோகிலவாணி. ப்ளஸ் டூ முடிச்சுட்டா. ரெண்டு பேரும் ஒரே ஊட்டுல இருந்துதான் கெளம்புனோம். ரெண்டு டிக்கெட்டையும் நான்தான் எடுத்தேன். எறங்கற எடமும் ஒண்ணுதான். போற காரியந்தானுங்க வேற வேற. நான் அவ சர்டிபிகேட்டைத் திருப்பி வாங்கப் போறேன். அவ அங்க சேரப் போறா.

சிரிக்காதீங்க. இன்னைக்குத்தான் கடைசி நாளு. சேர்றதுன்னாலும் இன்னைக்கு, வேண்டாம்னாலும் இன்னைக்கு. ஊட்டுல இருந்து யாராச்சும் ஒருத்தர் நேருல வந்து, சேத்திக்குங்கன்னு வாயால சொல்லோணுமாம். அது அவிய சட்டம். நான் வாயால சொல்லத்தான் போறேன். வேண்டாம்னு.

ஊரெல்லாம் நியாயம் கேட்டுட்டுத் திரியற ஆளு இல்லீங்க நான். ஆனா நீங்க புளியம்பட்டிக்காரரு, எனக்கும் உங்களுக்கும் கொடுக்கல் வாங்கல் இல்ல, எறங்குனா என்னைய மறந்துருவீங்க. அதனால சொல்றேன். கேட்டுப்போட்டு, நான் செஞ்சது தப்புன்னா தப்புன்னு சொல்லுங்க. நான் ஒத்துக்க மாட்டேன். இருந்தாலும் சொல்லுங்க.

என்ற பேரு நாச்சிமுத்துங்க. பீளமேட்டுப் பக்கம் ஒரு நூல் மில்லுல மெயிண்டனன்ஸ் போர்மேன். சேரும்போது மெசினுக்கு எண்ணெய் ஊத்தற வேலை. அப்பறம் ராத்திரிப் படிப்பு. பகல் ஷிப்டை முடிச்சுப்போட்டு, மூஞ்சியக் கழுவுனாலும் காதுக்குள்ள இருக்கற பஞ்சு போகாது, அந்தப் பஞ்சோடவே போயி பெஞ்சுல உக்காந்து டிப்ளமோ படிச்சேன். வாத்தியாரு என்னையத்தான் மொதல்ல கேள்வி கேப்பாரு. ஏன்னா மத்தவனெல்லாம் தூங்கிட்டு இருப்பான். நானும் தூங்கிட்டுத்தான் இருப்பேன். ஆனா கண்ணைத் தொறந்துட்டுத் தூங்குவேன்.

எதுக்குங்க அம்புட்டுப் பாடு? கையில கிரீஸ் படாம இருக்கறதுக்கு. வேற எதுக்கும் இல்ல. டிப்ளமோ வாங்குனா மேசை நாற்காலி குடுப்பாங்கன்னு சொன்னாங்க. குடுத்தாங்க. உக்கார நேரந்தான் குடுக்கல. இன்னைக்கும் பாருங்க இந்த நகக்கண்ணை. சோப்புப் போட்டாப் போகுமா இது?

அப்பறம் என்ற புள்ளைய நான் என்ன செய்வேன்? பேன் காத்துல உக்கார வெக்கோணும்னுதான நெனைப்பேன். பி.காம் சி.ஏ.வுக்கு சீட்டுச் சொல்லி வெச்சிருந்தேனுங்க. எங்க ஊட்டுல இருந்து நடந்து போற தூரம். மாடிக் கட்டடம், டைல்ஸ் தரை, செருப்பைக் கழட்டி வெச்சுட்டுத்தான் கம்ப்யூட்டர் ரூமுக்குள்ளயே போகோணும். அப்படி ஒரு சுத்தம்! இவ என்னடான்னா, அதெல்லாம் வேண்டாமுங்கப்பா, அன்னூர் தாண்டி ஒரு காலேஜ் இருக்குது, அங்க பொஸ்தகத்தைக் கடைசியாத்தான் தொடுவாங்களாம், மொதல் நாளே ஒரு வேலையைக் கையில குடுத்துருவாங்களாம், செஞ்சு செஞ்சுதான் படிக்கோணுமாம், அப்படிங்கறா.

நான் சொன்னேன், "ஏங்கண்ணு, அதுக்கு எதுக்குக் காலேஜு? நாளைக்கே எங்கூட மில்லுக்கு வா. செஞ்சு செஞ்சு படிக்கலாம். சம்பளமும் குடுப்பாங்க."

"ஒரு தடவ வந்து பாருங்கப்பா. பாத்துட்டு வேண்டாம்னு சொல்லுங்க"ன்னா.

பாக்காம வேண்டாம்னு சொன்னா நாளைக்கு ஒரு பேச்சு வரும். அதனால போனேன். பாத்துட்டு வேண்டாம்னு சொல்லலாம்னுதான் போனேன். அந்த எண்ணத்துல நான் மாறவே இல்லீங்க.

போயிப் பாத்தா, கிளாஸ் ரூமே கண்ணுல படல. ஒரு பெரிய செட்டு. அங்கங்க மேசை. பசங்க தரையில உக்காந்து என்னத்தையோ அறுத்துட்டு இருக்கறானுக. ஒரு புள்ள வெல்டிங் அடிக்குது. தலைக்கு மல்லியப்பூ வெச்சுட்டு வெல்டிங். இன்னொரு பக்கம் முருங்கத்தழை காயவெக்கற பொட்டியாம், பக்கத்து ஊருப் பொம்பளைகளுக்காகச் செய்யறாங்களாம். "எத்தனையாவது பொட்டி தம்பி?"ன்னு கேட்டேன். "மொத ரெண்டும் தீப்புடிச்சிருச்சுங்க"ன்னு சந்தோசமாச் சொல்றான்.

அதுகூடப் போகுதுங்க. செவுத்தோரமா ஒரு கண்ணாடி அலமாரி. நம்ம பள்ளிக்கூடத்துல கப்பு, ஷீல்டெல்லாம் வெப்பாங்கல்ல, அந்த மாதிரி. உள்ள என்ன வெச்சிருக்காங்கங்கறீங்க? ஒடஞ்சது. கருகுனது. வளஞ்சது. ஒவ்வொண்ணுக்கும் கீழ செஞ்சவன் பேரு, ஏன் கெட்டுப்போச்சுன்னு ரெண்டு வரி. எங்க மில்லுல ஒரு ஷாப்ட்டு ஒடஞ்சா, மேனேஜரு ரவுண்ட்ஸ் வர்றதுக்குள்ள அதைக் கோணிப்பையில சுத்தி கொட்டாய்க்குப் பின்னாடி போட்டுட்டு வந்தாத்தான் நாங்க சோறு திம்போம். இங்க அதுக்கு லைட்டு போட்டு வெச்சிருக்கறாங்க!

சுத்திக் காட்டுனது ஒரு அம்மா. சூடாமணின்னு பேரு. அங்க வாத்தியாரு. காட்டன் சீலை, மேல காக்கிக் கோட்டு, காதுல ஒரு பென்சில். நல்ல மரியாதையாத்தான் பேசுச்சு. "பரீட்சையெல்லாம் இல்லீங்க சார். பசங்க ஒரு நாள் எங்ககூட வேலை செய்யோணும். அவ்வளவுதான். நீங்க பெத்தவங்க எல்லாம் இந்த மஞ்சக் கோட்டுக்கு அந்தப் பக்கம் பெஞ்சுல உக்காந்து பாக்கலாம். கோட்டைத் தாண்டக் கூடாது, வாயத் தொறக்கக் கூடாது"ன்னுச்சு.

மஞ்சக் கோட்டுக்கு அந்தப் பக்கம்! என்னையப் பாத்து! எங்க மில்லுல மஞ்சக் கோடு போடறதே நான்தானுங்க. வருசா வருசம் ஆயுத பூசைக்கு முன்னாடி பெயிண்ட் டப்பாவைத் தூக்கிட்டு நான்தான் போடுவேன். வேடிக்கை பாக்க வர்றவன் மெசின்ல கையை உடாம இருக்கறதுக்குப் போடற கோடு அது. அந்தக் கோட்டுக்கு வெளிய என்னைய உக்கார வெச்சுட்டாங்க.

சரின்னு உக்காந்தேன். வந்த காரியம் வேண்டாம்னு சொல்றது. அதுக்கு உள்ள போக வேண்டியதில்லையே.

பசங்களை மூணு மூணு பேராப் பிரிச்சு ஆளுக்கொரு வேலை குடுத்தாங்க. கோகிலா கூட ரெண்டு பேரு. காரமடைப் பையன் ஒருத்தன், செல்போனை ஜோப்புல போடறதுக்கே அரை மனசா இருந்தான். இன்னொரு புள்ள, பாவம், ஸ்குரு டிரைவரை மாவு கரண்டியாட்டம் புடிக்குது. இவியளுக்கு என்ன வேலை குடுத்தாங்கங்கறீங்க? மோட்டாரு பம்பு. கீழ தண்ணித் தொட்டி, மேல பம்பு, நடுவுல பைப்பு. சுவிச்சுப் போட்டா மோட்டாரு ஓடுது, தண்ணி வரல. ஏன்னு கண்டுபுடிக்கோணும்.

சுவிச்சைப் போட்டாங்க. எனக்கு அப்பவே தெரிஞ்சுபோச்சு. சத்தத்துலயே தெரிஞ்சுபோச்சுங்க. பம்புக்குள்ள காத்து இழுக்குது. தண்ணி உறிஞ்சற பைப்பு பம்போட சேர்ற எடத்துல லூசு. அவ்வளவுதான் சமாச்சாரம். சணலைச் சுத்தி, இறுக்கி, பம்பு நிறையத் தண்ணி ஊத்துனா முடிஞ்சுது.

என்ற புள்ள என்ன பண்றா? மோட்டாரு மூடியைக் கழட்டி ஒயரைப் பாத்துட்டு இருக்கறா!

நீங்களே சொல்லுங்க. அங்க சேரக் கூடாதுங்கறது ஒரு விசயம். ஆனா நாச்சிமுத்து மவளுக்கு ஒரு பம்பு தெரியலைன்னு அவிய சொல்றது வேற விசயம். சேத்திக்கறோம்னு அவிய சொல்லோணும், வேண்டாம்னு நான் சொல்லோணும். அதுதானுங்க மொறை. அவியளே வேண்டாம்னு சொல்லிட்டா நான் எதைப் போயி வேண்டாம்ங்கறது?

வாயத் தொறக்கக் கூடாதுன்னு சொல்லிட்டாங்க. நான் வாயத் தொறக்கல.

மில்லுக்குள்ள பேச முடியாது, தெரியுமுங்களா? ஸ்பின்னிங்ல மெசின் ஓடும்போது காதுகிட்ட வந்து கத்துனாலும் கேக்காது. அதனால எங்களுக்கு எல்லாம் கைப்பேச்சுத்தான். டீ வந்துருச்சுன்னா இப்படி. சூப்பர்வைசர் வர்றாருன்னா காலரைத் தொடுவோம். நூல் அறுந்துருச்சுன்னா இப்படி, ரெண்டு வெரலை. குடும்பக் கதை, சினிமாக் கதை, ஊர் வம்பு எல்லாமே கையில ஓடும். அந்தப் பழக்கம் ஊட்டுலயும் ஒட்டிக்கிச்சு. கோகிலா வாய்ப்பேச்சு வர்றதுக்கு முன்னாடியே கைப்பேச்சு பேசிட்டா. தொட்டில்ல கெடந்துட்டு, பால் வேணும்னா அழமாட்டா. நூல் சுத்தற பாபின் தீந்துருச்சுன்னு கையில காட்டுவா.

அதனால நான் பெஞ்சுல உக்காந்தவாக்குலயே கையில சொன்னேன். காத்து. பைப்பு. மேல் சேர்க்கை. சணல். இறுக்கு. தண்ணி ஊத்து.

பக்கத்துல ஒருத்தரு, பல்லடத்துல கோழிப்பண்ணை வெச்சிருக்கறவரு, அந்தக் காரமடைப் பையனுக்குப் பெரியப்பா. "என்னங்க, கொசு ரொம்பக் கடிக்குதுங்களா?"ன்னு கேட்டாரு.

"ஆமாங்க"ன்னேன்.

கோகிலா என்னையப் பாத்தா. பாத்துட்டா, எனக்கு நல்லாத் தெரியும். ஒரு வெவரத்தையும் உடாம முழுசாச் சொல்லி முடிக்கிற வரைக்கும் பாத்தா. பாத்துட்டு, அப்படியே முதுகைத் திருப்பிக்கிட்டா.

சரி, புரியலையாட்ட இருக்குதுன்னு, எந்திரிச்சுப் போயி பெஞ்சுக்கு அந்தக் கோடியில நின்னு மறுபடி சொன்னேன். அவ அந்தப் பக்கம் திரும்பிக்கிட்டா. நான் இந்தக் கோடிக்கு வந்தேன். கோழிப்பண்ணைக்காரரு, "அங்கயும் கொசுவுங்களா?"ங்கறாரு.

அப்பத்தானுங்க அது நடந்துச்சு. அந்தச் சூடாமணி அம்மா செட்டுக்கு அந்தப் பக்கத்துல நின்னுட்டு என்னையவே பாத்துட்டு இருந்துச்சு. நான் பாத்ததும், மெதுவா கையைத் தூக்கி, வெரலை முட்டியா மடக்கி, இன்னொரு உள்ளங்கையில வெச்சு ஒரு அழுத்து அழுத்துச்சு. எங்க மில்லுக் கைப்பேச்சுல, மெசினை நிறுத்து!

எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சுங்க. அப்பறம் கேட்டாத் தெரியுது, அந்தம்மாவோட அம்மா சிங்காநல்லூருல மில்லுல இருந்தவிகளாம். நான் கையில சொன்னதை வார்த்தைக்கு வார்த்தை படிச்சிருக்குது. "உங்க மேல்சேர்க்கை சரிதானுங்க சார். ஆனா கையை மடியில வெச்சுக்குங்க"ன்னு கிட்ட வந்து காதுல சொல்லிட்டுப் போச்சு. எனக்குன்னு போடற சட்டத்தைப் பாத்தீங்களா? வாய்க்கு மட்டும்னு சொல்லிட்டு, அப்பறம் கைக்கும்.

மத்தியானத்துக்கு மேலயும் ஆச்சு. கோகிலா ஒயரைப் பாத்தா, சரியா இருக்குது. பம்பைக் கழட்டுனா, சரியா இருக்குது. மாட்டுனா. அந்தக் காரமடைப் பையனும் செல்போனை மறந்துபோயி தரையில படுத்து என்னமோ பாக்கறான். மாவு கரண்டிப் புள்ள ஸ்பேனரைச் சரியாப் புடிக்குது. மூணு பேரும் சண்டை போடறாங்க, சிரிக்கறாங்க, மறுபடி சண்டை. யாருமே ஒரு வார்த்தை சொல்லிக் குடுக்கல. அவ்வளவு பேரு வாத்தியாருங்க இருக்கறாங்க, ஒருத்தரும் கிட்ட வந்து, ஏம்மா இதைப் பாருன்னு சொல்லல. என்ற புள்ள மூஞ்சி பூரா கிரீஸ். நெத்தியில, மூக்குல. இதுக்கா நான் காதுல பஞ்சோட ராத்திரிப் படிப்பு படிச்சேன்?

சிரிச்சுட்டேதான் இருந்தா. அதை நான் மறைக்கல. அவ அப்படிச் சிரிச்சு ஊட்டுல நான் பாத்ததில்ல. அது கிரீஸுனால இல்லீங்க, கூட இருந்த புள்ளைகளால இருக்கும்.

கடைசியாத் தொட்டிக்குள்ள தலையை உட்டு டார்ச் அடிச்சுப் பாத்துட்டு இருக்கும்போது மணி அடிச்சுட்டாங்க. முடிஞ்சுது. தண்ணி வரல. வேலையை வெச்சுட்டு எந்திரிங்கன்னாங்க.

அப்பவும் உக்காந்திருக்கோணுமா நான்? மணிதான் அடிச்சாச்சே? கோட்டைத் தாண்டிப் போனேன். சணல் அங்கயே கெடந்துச்சு. கழட்டுனேன், சுத்துனேன், இறுக்குனேன், தண்ணி ஊத்துனேன், சுவிச்சு. திமுதிமுன்னு தண்ணி வந்து உழுகுது! கோழிப்பண்ணைக்காரரு கையைத் தட்டிட்டாருங்க. "கொசு அடிக்கறவருன்னு நெனச்சேன், பெரிய ஆளா இருக்கறீங்க"ங்கறாரு.

கோகிலா சந்தோசப்படுவான்னு பாத்தா, அப்படியே நிக்கறா. கையில டார்ச்சு. அவ கண்ணு தண்ணியப் பாக்கல, என்ற கையைப் பாத்துட்டு இருந்துச்சு.

சூடாமணி அம்மா வந்துச்சு. "சார், நீங்க பாஸ்"ன்னுச்சு. நான் சிரிச்சேன். "ஆனா உங்களுக்கு இங்க சீட்டு இல்லீங்க சார்"ன்னுச்சு.

நக்கலு.

மோட்டாரை யாரும் நிறுத்தல, தண்ணி உழுந்துட்டே இருக்குது. அப்பறம் ஒவ்வொரு புள்ளையா நிறுத்தி, என்ன செஞ்சே, எங்க தப்புச்சு, எங்க மாட்டுனேன்னு கேக்கறாங்க. கோகிலா முறை வந்துச்சு. எல்லாரும் இருக்கறாங்க. பெத்தவங்க, வாத்தியாருங்க, பசங்க, எல்லாரும். அவ என்ன சொல்றாங்கறீங்க?

"எங்கப்பா காலையிலயே விடையைச் சொல்லிட்டாருங்க. கையில சொன்னாரு. எனக்குப் புரிஞ்சுது. நான் எடுத்துக்கல."

கோழிப்பண்ணைக்காரரு என்னையத் திரும்பிப் பாக்கறாரு.

"ஏம்மா எடுத்துக்கல?"ன்னு அந்தம்மா கேக்குது.

"அவரு சொன்னா எப்பவும் சரியா இருக்குமுங்க. எங்க ஊட்டுல மிக்ஸி கெட்டாலும், சைக்கிள் கெட்டாலும், நான் கணக்குல மாட்டிக்கிட்டாலும், நான் கையை வெக்கறதுக்குள்ள அவரு முடிச்சுருவாரு. ஒண்ணு எப்படிச் சரியாகுதுன்னு நான் இதுவரைக்கும் பாத்ததே இல்லீங்க."

கேட்டீங்களா? அப்பன் மேல குத்தம் சொல்ற தோரணையப் பாருங்க! மிக்ஸி கெட்டாச் சரி பண்ணித் தர்றது தப்பாங்க? எத்தனை ஊட்டுல மிக்ஸி ஆறு மாசம் கெட்டுக் கெடக்குது? இவ சைக்கிள்ல ஒரு நாள் காத்து எறங்கி இவ தள்ளிட்டு வந்திருக்கறாளா? அதையே ஒரு குறையாச் சொன்னா நான் எங்க போயி முட்டிக்கறது?

அதோட உட்டாளா? "அப்பா பாத்தது மேல இருக்கற கோளாறு. அதை நானாக் கண்டுபுடிக்கல. ஆனா தொட்டிக்குள்ள ஒரு சாக்குத் துண்டு மெதக்குது. பம்பு நல்லா இழுக்க ஆரம்பிச்சா அது பைப்பு வாயில போயி அடைச்சுக்கும். இப்ப நின்னுரும் பாருங்க"ன்னா.

நின்னுருச்சு.

அதை உடுங்க. அது தற்செயல். நானும் தொட்டிக்குள்ள எட்டிப் பாத்திருந்தா எனக்கும் தெரிஞ்சிருக்கும். கோட்டுக்கு வெளிய உக்கார வெச்சா தொட்டிக்குள்ள இருக்கற சாக்கு யாருக்குங்க தெரியும்? எங்கிட்டக் கேட்டாத் தண்ணி வந்துச்சா இல்லையா? வந்துச்சு. எவ்வளவு நேரம் வந்துச்சுங்கறதா கேள்வி?

சாயந்தரம் கூப்புட்டுச் சொல்றாங்க. கோகிலவாணிக்கு சீட்டு இருக்குதுங்க, சேத்திக்கறோமுங்கன்னு. தண்ணி வராத பம்புக்கு சீட்டு குடுக்கற காலேஜுங்க அது! அப்பா நீங்க ஒரு வார்த்தை சொன்னாப் போதும்னாங்க. நான் எந்திரிச்சு, கும்புடு போட்டு, "எங்களுக்குத் தோதுப்படாதுங்க"ன்னு சொல்லிட்டேன். என்ன எண்ணத்துல போனேனோ அதைச் சொன்னேன். மனசுல ஒண்ணு, வாயில ஒண்ணு நமக்குக் கெடையாது.

அந்தம்மா கோவிச்சுக்கல. சர்டிபிகேட்டு இங்கயே இருக்கட்டும், இன்ன தேதிக்குள்ள யோசிச்சு வாங்கன்னுச்சு. அந்தத் தேதிதான் இன்னைக்கு.

அன்னையில இருந்து இவ எங்கிட்டப் பேசறதில்லீங்க. அழுகல, கத்தல, சாப்புடாம இருக்கல. எல்லாம் செய்யறா. வாய் மட்டும் தொறக்க மாட்டா. எல்லாமே கைப்பேச்சு. சோறு ரெடி, இப்படி. போன் வந்துச்சு, இப்படி. நான் ஏதாச்சும் புத்தி சொல்ல ஆரம்பிச்சா, வெரலை முட்டியா மடக்கி உள்ளங்கையில ஒரு அழுத்து. அந்தச் சூடாமணிகிட்ட இருந்து வந்தது அது! நானும் உடுவனா? நானும் கையிலயே பேச ஆரம்பிச்சேன். என்ற சம்சாரம் தங்கமணி நடுவுல உக்காந்து ரெண்டு பேரையும் மாத்தி மாத்திப் பாத்துட்டு, "ஊடு மில்லாட்டம் ஆயிப்போச்சு, சத்தம் ஒண்ணுதான் கொறைச்சல்"ங்கறா.

என்னங்க? தங்கமணியே போயிச் சொல்லியிருக்கலாமேங்கறீங்களா? ஊட்டுல யாராச்சும் ஒருத்தர்தான... ஆமாங்க, அவளும் கெளம்பி ரெடியாத்தான் இருந்தா. போன வாரமே சீலையெல்லாம் கட்டி நின்னா. நான் வந்து சொல்றேன் வா கண்ணுன்னா. இவதான் மாட்டேன்னுட்டா. "அப்பா சொன்னாத்தான் போவேன். அப்பா சொல்லாமப் போகமாட்டேன்"ன்னு அவிய அம்மாகிட்டச் சொல்லியிருக்கறா. எவ்வளவு அழுத்தம் பாருங்க! அம்மா சம்மதம் பத்தாதாம், நான் வந்து தலைகுனிஞ்சு சொல்லோணுமாம். அதுக்குத்தான் இந்தப் புடிவாதம். வேற எதுக்குங்கறீங்க?

நீங்க ஏனுங்க சன்னலுக்கு வெளிய பாத்துச் சிரிக்கறீங்க?

அன்னூர் வந்துருச்சு. டிரைவரு நல்லாத்தான் ஓட்டறாரு. ரெண்டாவது கியருக்குப் போகும்போது மட்டும் ஒரு சத்தம் வருது, கவனிச்சீங்களா? கிளட்ச்சு தேஞ்சிருக்குது. நமக்கெதுக்கு.

இருங்க, இருங்க. அவ எந்திரிச்சு வர்றா. இங்கதான் வர்றா. நீங்க பாக்காத மாதிரி இருங்க.

"அப்பா."

வாயத் தொறந்துட்டாளுங்க! ...என்ன கண்ணு?

"அடுத்த ஸ்டாப்பிங். எறங்கறீங்களா?"

எறங்கத்தான வந்தேன். சர்டிபிகேட்டு வாங்கோணுமுல்ல.

"நீங்க வேண்டாம்னு சொல்லுங்க. நான் சேர்றேன்னு சொல்றேன். அவிய ரெண்டையும் கேக்கட்டும்."

அவிய என்னுதத்தான் கேப்பாங்க.

"கேக்கட்டும். அதனால நான் சொல்லாம இருப்பேனா?"

பாத்தீங்களா, பாத்தீங்களா பேச்சை! ...ஏம் புள்ள, நெஞ்சத் தொட்டுச் சொல்லு. அந்தச் சாக்கு உனக்கு எப்பத் தெரிஞ்சுது?

"மணி அடிக்கறதுக்குக் கொஞ்சம் முன்னாடி. ஆனா அந்தக் காத்து எனக்குத் தெரியலைங்கப்பா. நீங்க சொன்னப்பறம்கூடச் சத்தத்துல எனக்குக் கேக்கல. இப்பக் கேட்டா கேக்கும். கத்துக்கிட்டேன். வேற பம்புல போயி நின்னு நின்னு கேட்டேன்."

எங்க?

"நம்ம தெருவுல. எல்லாரு ஊட்டு மோட்டாரையும்."

சரி. இங்க பாரு கோகிலா. நான் சொல்றதை நல்லாக் கேட்டுக்க. நான் சம்மதம் சொல்லமாட்டேன். என்ற வாயில அது வராது. நான் அங்க எறங்குனா வேண்டாம்னுதான் சொல்லுவேன். நான் சொன்னா சொன்னதுதான். புரியுதா? அதனால நான் இங்க எறங்கல. எனக்கு ஒரு டீ குடிக்கோணுமாட்ட இருக்குது. புளியம்பட்டி போயி டீ குடிச்சுப்போட்டு, அடுத்த பஸ்ஸைப் புடிச்சுத் திரும்பி வந்து வேண்டாம்னு சொல்றேன். உன்ற அம்மா ஊட்டுலதான் இருக்கறா. பஸ்ஸேறுனா வந்துருவா. எங்கிட்டக் கேக்காத, நான் ஒண்ணும் சொல்லல. என்ன செய்யறதுன்னாலும் நான் வர்றதுக்குள்ள செஞ்சு முடிச்சுப்போடு.

"அம்மா வர்றதுக்கு நேரம் ஆகுமேப்பா. டீ குடிக்க அவ்வளவு நேரம் ஆகுமா?"

சூடா இருந்தா ஆகும்.

"...நல்லாச் சூடா வாங்கிக் குடிங்க."

சரி சரி, போ. படியைப் பாத்து எறங்கு. விசில் அடிச்சுட்டாரு பாரு. போ!

எறங்கிட்டாளுங்களா? நான் அந்தப் பக்கம் பாக்கல, நீங்க பாத்துச் சொல்லுங்க. எறங்கிட்டாளா? ரோட்டைத் தாண்டிட்டாளா? லாரி ஏதாச்சும்... சரி. சரி.

கண்டக்டரு! ஏனுங்க கண்டக்டரு! புளியம்பட்டிக்கு ஒரு டிக்கெட்டுக் குடுங்க. ஆமாங்க, இங்க எறங்க வேண்டியவன்தான், எறங்கல. எறங்கோணும்னு சட்டமா?

என்ன பாக்கறீங்க? ஒத்துக்கிட்டேன்னு நெனைக்கறீங்களா? யாருங்க ஒத்துக்கிட்டது? ஒரு வார்த்தை சொன்னனா நான்? நீங்கதான் பக்கத்துலயே உக்காந்திருக்கறீங்க, சாட்சி. போன எண்ணம் போன எண்ணந்தான். திரும்பி வந்து நேரா உள்ள போயி, அந்தச் சூடாமணி மூஞ்சியப் பாத்து, வேண்டாம்னு சொல்லிட்டுத்தான் ஊட்டுக்குப் போவேன். அவிய கேக்கற நெலமையில இருந்தாக் கேக்கட்டும், இல்லீன்னா அது அவிய பாடு.

அதிருக்கட்டும். உங்க ஊருதானுங்க அது? பஸ் ஸ்டாண்டுல டீக்கடைன்னா, எந்திரிங்க எந்திரிங்கன்னு அவசரப்படுத்தாத கடை எதுங்க? பெஞ்சு போட்டு, பேப்பரெல்லாம் வெச்சு, ஒரு டீ குடிச்சு, வடை தின்னு, மறுபடி ஒரு டீ குடிச்சாலும் ஒண்ணும் சொல்லாத மாதிரி? பக்கத்துல ஏதாச்சும் கோயில் இருந்தாலும் சொல்லுங்க. பெரிய கோயிலா இருந்தா நல்லது. மெதுவாச் சுத்திப் பாக்கலாம்.